இயற்பெயரும் பொதுப்பெயரும்: சங்கராபுரப் பகுதிப் பெயர்வழி ஓர் ஆராய்ச்சி

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்கும் நூல்கள் பெயர்ச்சொல்லை வகுக்கப் புகுங்கால், 'புராப்பர் நவுன்' எனப்படுவதைச் சிறப்புப்பெயர் என்றும் 'காமன் நவுன்' எனப்படுவதைப் பொதுப்பெயர் என்றும் மொழிபெயர்த்துத் தருதல் பெருவழக்காகிவிட்டது. சங்கராபுரத்துப் பள்ளியிற் பயிலும் மாணவனிடம் 'ஊர் என்பது பொதுப்பெயர். சங்கராபுரம் என்பது சிறப்புப்பெயர்' என்றால் அவன் உடனே விளங்கிக்கொள்வான். அவனே அடுத்த மணியில் தமிழ் வகுப்பில் நன்னூல் கேட்கும்போது, 'மரம் என்பது பொதுப்பெயர். பனை என்பது சிறப்புப்பெயர்' என்று கற்கின்றான். ஆங்கில ஆசிரியர் பனையைப் பொதுப்பெயர் என்பார். தமிழாசிரியர் அதனையே சிறப்புப்பெயர் என்பார். இருவரும் தத்தம் இலக்கணத்திற்கு ஏற்பவே கூறினர். பிழை அவர்களிடத்து இல்லை; வேறுபட்ட இரு பாகுபாடுகளுக்கு ஒரே பெயரை இட்ட மொழிபெயர்ப்பினிடத்தே உள்ளது.

இம்மயக்கம் வகுப்பறையோடு ஒழிவதாயின் அதனை ஆராய்தல் வேண்டா. பெயர் ஒன்று யாரைச் சுட்டுகின்றது, எத்தனை பேரைச் சுட்டுகின்றது என்பது வரலாற்றுக்கும் சட்டத்திற்கும் அடிப்படையான வினாவாகும். கல்வராயன்மலையும் அதன் அடிவாரத்துச் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களும் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமாக அமைந்துள்ளன. தமிழ் மரபில் தனியொருவரை அல்லது தனியொன்றைச் சுட்டும் பெயர் எங்ஙனம் உணரப்பட்டது என்பதை முன்னர்க் கண்டு, பின்னர் இப்பகுதிப் பெயர்களிடத்து அதனைப் பொருத்திப் பார்ப்பதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

மேலைநாட்டுப் பாகுபாடு கிரேக்கரிடத்துத் தோன்றியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டினராகிய கிரிசிப்பசு முதலிய ஸ்டோயிக்குப் புலவர்கள் சாக்ரட்டீசு, டயோஜனீசு போன்று தனியொருவர்க்கே உரிய பெயரையும், மனிதன், குதிரை போன்று பலவற்றிற்கும் பொதுவாய பெயரையும் இருவேறு சொல்வகைகளாகவே பிரித்தனர். பின்வந்த இலக்கணிகள் அவ்விரண்டையும் பெயர் என்னும் ஒரே வகையுள் அடக்கினர். டொனாட்டசு, பிரிசியன் ஆகியோரின் இலத்தீன் இலக்கணங்கள் வாயிலாக அப்பாகுபாடு ஐரோப்பிய மொழிகட்கெல்லாம் சென்றது. 'புராப்பர்' என்னும் சொல்லுக்கு அவ்விடத்து 'உரிய' என்பதே பொருள், சிறந்த என்பதன்று. ஒருவர்க்கே உரிய பெயர் என்பதைச் சிறப்புப்பெயர் என மொழிபெயர்த்தல் ஒருவாற்றான் பொருந்துமாயினும், அச்சொல் தமிழில் முன்னரே வேறொரு பொருளுக்கு உரிமை பூண்டது என்பது மறக்கப்பட்டது.

ஆங்கிலத்தில் இப்பெயரை முதலெழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டுவர். இதனையே இலக்கணமாகக் கொள்வாரும் உளர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சு நூல்களில் பொதுப்பெயர்களும் பேரெழுத்தால் தொடங்குவதுண்டு. செருமானிய மொழியில் இன்றும் எல்லாப் பெயர்களும் அவ்வாறே எழுதப்படும். ஆகவே பேரெழுத்து என்பது எழுத்து வழக்கேயன்றிச் சொல்லிலக்கணம் ஆகாது. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடே இல்லை. அங்ஙனமாயின் தமிழர் இவ்வேறுபாட்டை எதனால் உணர்ந்தனர்?

தொல்காப்பியத்துள் இதற்கு விடை ஓரிடத்தில் இல்லை. எழுத்து, சொல், பொருள் ஆகிய மூன்று அதிகாரத்தும் பரவிக் கிடக்கின்றது. சொல்லதிகாரத்துப் பெயரியலில் இயற்பெயர் என்னும் வகை கூறப்படுகின்றது. ஆனால் அது வைக்கப்பட்டுள்ள இடமே வியப்பிற்குரியது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் விரவுப்பெயர்களுள் ஒன்றாக அது வைக்கப்பட்டுள்ளது. சாத்தன் என்பது ஒரு மகனுக்கும் பெயராகலாம். ஓர் எருதுக்கும் பெயராகலாம். 'சாத்தன் வந்தான்' என்றும் 'சாத்தன் வந்தது' என்றும் இருவகையாலும் முடிவு பெறும். யானை என்பதனையும் இயற்பெயருக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் தருவர். ஒருவனுக்கோ ஒருத்திக்கோ அப்பெயர் இடப்படுமாயின் அதுவும் இயற்பெயரே. பின்னூலார் இவ்விரவுப்பெயர்களைப் பொதுப்பெயர் என்றே வழங்கினர். எனவே ஆங்கிலத்தார் பொதுப்பெயருக்கு மறுதலையாக நிறுத்திய பெயரைத் தமிழ் இலக்கணம் பொதுப்பெயருள்ளேயே அடக்கிற்று. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. ஆங்கிலத்தில் பொதுமை என்பது பொருள் பலவற்றிற்கும் ஒத்திருத்தல். தமிழில் ஈண்டுப் பொதுமை என்பது திணை இரண்டிற்கும் ஒத்திருத்தல். அளவுகோல் வேறு.

இயற்பெயரைத் தொல்காப்பியர் வெறும் பொருள்வகையாக மட்டும் கொள்ளவில்லை. அதற்குத் தனி நடத்தை உண்டு எனக் காட்டுகின்றார். தந்தை என்னும் முறைப்பெயர் பின்வரும்போது சாத்தன் என்பது சாத்தந்தை எனவும், ஆதன் என்பது ஆந்தை எனவும், பூதன் என்பது பூந்தை எனவும் புணரும். பிற பெயர்கட்கு இப்புணர்ச்சி இல்லை. கிளவியாக்கத்துள், சிறப்பினால் வந்த பட்டப்பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயர் முன்வருதல் கூடாது என்கின்றார். பட்டம் முன்னும் பெயர் பின்னுமாக நிற்றலே மரபு. ஈண்டுச் 'சிறப்பு' என்பது இயற்பெயர்க்கு எதிராக நிறுத்தப்பட்டுள்ளமை கருதத்தக்கது. சிறப்புப்பெயர் என்பதை ஒருவரது சொந்தப் பெயர்க்கு வழங்கும் இன்றைய மொழிபெயர்ப்பு, தொல்காப்பியர் வேறுபடுத்திய இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது.

இவை அனைத்தினும் ஆழமான இடம் பொருளதிகாரத்தில் உள்ளது. அகத்திணையுள் ஒருவரைச் சுட்டி அவர் பெயரைக் கூறுதல் கூடாது என்பது விதி. அன்பின் ஐந்திணைத் தலைவன் நாடன், வெற்பன், ஊரன், சேர்ப்பன் என நிலம்பற்றிய பொதுப்பெயராலேயே வழங்கப்பெறுவான். சுட்டி ஒருவர் பெயர் வந்தவுடன் பாட்டு அகத்தினின்றும் நீங்கிப் புறமாகும். நெடுநல்வாடையுள் பாண்டியன் பெயர் யாண்டும் வரவில்லையாயினும், அவனது அடையாளமாகிய வேம்பு கூறப்பட்டமையால் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். தனியொருவரைச் சுட்டுதல் பெயரால் மட்டுமன்றி அடையாளத்தாலும் நிகழும் என்னும் நுட்பமான உணர்வு இவ்வுரையில் வெளிப்படுகின்றது. பொதுப்பெயருக்கும் தனிப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கியத்தின் பெரும்பிரிவிற்கே எல்லைக்கோடாக வைத்த மரபு இது. இத்தகைய மரபினை உடையார்க்கு அவ்வேறுபாடு ஆங்கிலத்தின் வழியே வந்தது எனக் கருதுவது பொருந்தாது.

இனி நன்னூல். பவணந்தியார் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாக்கி, அவற்றை மீண்டும் பொது, சிறப்பு எனப் பகுக்கின்றார். மரம் இடுகுறிப்பொது, பனை இடுகுறிச்சிறப்பு. பறவை காரணப்பொது; மரங்கொத்தி காரணச்சிறப்பு. இப்பொதுவும் சிறப்பும் ஒன்றையொன்று நோக்கி நிற்பன. மரத்தை நோக்கப் பனை சிறப்பு. கூந்தற்பனையை நோக்கப் பனை பொது. படிப்படியாக இறங்கும் இவ்வரிசையில் ஆங்கிலத்தார் கூறும் தனிப்பெயர் கடைப்படியில் வைத்தற்குரியதே எனினும், சிறப்புப்பெயர் அனைத்தும் அதுவாகா. உரைகாரர் காரண இடுகுறி என ஒன்றும் கூறுவர். முக்கணன் என்பது கண் மூன்றுடைய காரணத்தால் தேங்காய்க்கும் பொருந்தும். ஆயினும் வழக்கால் சிவபெருமான் ஒருவனுக்கு இடுகுறிபோல் நின்றது. காரணத்தில் தொடங்கிக் குறியில் முடியும் இப்பெயர்வகையே ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் என்பது எம் கருத்து.

சங்கராபுரத்தையே எடுத்துக்கொள்வோம். புரம் என்பது ஊரைக் குறிக்கும் பொதுச்சொல். சங்கரன் என்பது பெயர். இரண்டும் கூடி ஒரு பெயராயின. ஆயினும் அப்பெயர் ஒன்றற்கே உரியதாக நிற்கவில்லை. காரைக்குடியை அடுத்தும் ஒரு சங்கராபுரம் உண்டு. கள்ளக்குறிச்சிப் பகுதியினுள்ளேயே இப்பெயர் ஓர் ஊரையும், ஒரு வட்டத்தையும், ஒரு சட்டமன்றத் தொகுதியையும் குறிக்கின்றது. 'சங்கராபுரத்தில் வாக்களித்தேன்' என்பவர் ஊரைக் கூறினாரா தொகுதியைக் கூறினாரா என்பது இடம்நோக்கியே அறியப்படும். தனிப்பெயரும் பொருள் மிகுந்தவிடத்து மீண்டும் ஒரு பொதுப்பெயரின் துணையை நாடுகின்றது. அங்ஙனம் நாடி வந்ததே சங்கராபுரம் வட்டம் என்னும் தொடர். இதனைத் தமிழிலக்கணம் இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்னும். சாரைப்பாம்பு போலச் சிறப்பு முன்னும் பொது பின்னுமாக இரு பெயர் ஒட்டி ஒரு பொருளைக் காட்டும். தமிழ்நாட்டு இடப்பெயர்களுள் பெரும்பகுதி இவ்வாய்பாட்டினவே.

கள்ளக்குறிச்சியின் பின்னுறுப்பாகிய குறிச்சி என்பது குறிஞ்சிநிலத்து ஊரைக் குறிப்பதாக அகப்பொருள் இலக்கணங்கள் கூறும் சொல். மலையடிவாரத்து ஊருக்கு அது பொருந்திய பெயரே. ஆனால் மலையைக் காண இயலாத சமவெளிகளிலும் குறிச்சி என முடியும் ஊர்கள் பல. அங்குக் காரணம் கெட்டும் பெயர் கெடவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலத் தருக்க நூலார் 1843இல் வெளியிட்ட நூலில் டார்ட்மவுத் என்னும் ஊரை எடுத்துக்காட்டுவார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் அப்பெயர் வந்தது. நாளை ஆறு வழிமாறிப் போயினும் ஊரின் பெயர் மாறாது. ஆதலின் தனிப்பெயர் பண்பு எதனையும் உணர்த்தாது என்பது அவர் முடிபு. இம்முடிபை அப்படியே ஏற்றல் தமிழ்ப் பெயர்களிடத்து அரிது. காரணப்பெயராகத் தோன்றியது இடுகுறியாய் உறைந்துவிடுகின்றது என்பது வரையில் மில் கூற்று உண்மை. ஆனால் உறைந்த காரணத்தை மக்கள் மீண்டும் உருக்கியும் எடுப்பர். திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. பொருளுணர்த்தாத பெயரை மொழிபெயர்த்தல் இயலுமோ? இவ்விரு பெயரையும் வடமொழியாக்கியோர் அவற்றைக் காரணப்பெயர்களாகவே கண்டனர். கல்வராயன்மலையில் தோன்றும் மணிமுத்தாறு அந்த முதுகுன்றத்தின் அருகே ஓடுகின்றது. அவ்வாற்றின் பெயரும் தனக்கென ஒன்றாக இல்லை. திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு மணிமுத்தாறு உண்டு.

மலைப்பெயரே இலக்கண மாணவர்க்கு இன்பம் பயப்பது. கல்வராயன் என்பது ஈற்றால் ஆண்பால் உயர்திணைப் பெயர், பொருளால் அஃறிணை. அண்மையில் உள்ள சேர்வராயனும் அத்தகையதே. 'கல்வராயன் உயர்ந்தது' என்னும் தொடரில் பெயரின் ஈறு ஒரு திணையையும் வினையின் ஈறு மற்றொரு திணையையும் காட்டும். சாத்தன் என்னும் எருதினை நோக்கித் தொல்காப்பியர் வகுத்த விதி ஒரு மலைத்தொடர்க்கும் பொருந்தக் காண்கின்றோம். இத்தொடரின் வடபகுதி சின்னக் கல்வராயன். ஏறத்தாழ 2,700 அடி உயரமுடையது. தென்பகுதி பெரிய கல்வராயன். ஏறத்தாழ 4,000 அடி உயரமுடையது. ஈண்டுச் சின்ன, பெரிய என்பன அடைமொழியாக நில்லாது பெயரின் உறுப்பாகிவிட்டன. மலைமேல் உள்ள வட்டத்தின் தலைமையூர் வெள்ளிமலை. ஈறு மலை, பொருள் ஊர். இஃது ஆகுபெயர் நெறியால் அமைந்தது. பெயரின் ஈற்றிலுள்ள பொதுச்சொல்லை நம்பிப் பொருளை முடிவுசெய்வார் இவ்வூரை மலையென்றே எண்ணி ஏமாறுவர்.

அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946இல் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூல், ஊர்ப்பெயர்களில் மறைந்து கிடக்கும் நிலமும் வரலாறும் பற்றித் தமிழ் மக்கள் எண்ணத் தொடங்குதற்குப் பெருந்துணை செய்தது. அவ்வழியில் செல்வார் பெயரின் மூலத்தைத் தேடுவதோடு நில்லாது, அப்பெயர் பின்னர் எத்தொழிலைச் செய்தது என்பதையும் காணல் வேண்டும். இவ்வகையில் மலை என்னும் ஒரு பொதுச்சொல்லினின்று இப்பகுதியில் பிறந்த இரு பெயர்களின் வரலாறு பெரிதும் பயன்தருவது.

ஒன்று மலையமான். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்ட திருமுடிக்காரி முதலியோர் இப்பெயரால் சங்கப் பாடல்களில் போற்றப்பெறுகின்றனர். உயர்திணைப் பெயர்களை எண்ணும் தொல்காப்பிய நூற்பாவிலுள்ள குடிப்பெயர் என்பதற்குச் சேனாவரையர் தரும் எடுத்துக்காட்டுக்களுள் மலையமான் என்பதும் ஒன்று. அது காரி ஒருவனுக்கே உரிய இயற்பெயர் அன்று. அவன் குடியில் பிறந்தார் அனைவர்க்கும் பொது. ஆயினும் குடிக்கு வெளியே உள்ளார்க்கு அது பொதுவன்று. மலையில் வாழ்வார் எல்லாரும் மலையமான் ஆகார். ஆங்கிலப் பாகுபாட்டின் இரு கூட்டிற்கும் இடையே நிற்பது இக்குடிப்பெயர். மலையமான் நாடு என்பது மலாடு என மருவி நிலப்பெயரும் ஆயிற்று. மலை என்னும் பொதுச்சொல் குடியின் பெயராகி, அக்குடியின் பெயர் நாட்டின் பெயராகி, முடிவில் மலை என்பதே அப்பெயரினுள் மறைந்துவிட்டது.

மற்றொன்று மலையாளி. கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை முதலியவற்றில் வாழும் தமிழ்பேசும் மக்கள் இப்பெயரால் வழங்கப்பெறுகின்றனர். காஞ்சியினின்றும் தம் முன்னோர் குடிபெயர்ந்து மலையேறினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. எட்கார் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூற்றொகுதி இதனைப் பதிவு செய்துள்ளது. ஆனால் தமிழகத்துப் பிற பகுதிகளில் மலையாளி என்றவுடன் கேரள நாட்டார் என்னும் பொருளே முற்பட்டுத் தோன்றுகின்றது. மொழியால் வேறுபட்ட இரு மக்கட்கூட்டம், பெயர் ஒன்று. ஆங்கிலத்தின் பேரெழுத்தும் ஈண்டு உதவாது; இரண்டும் தனிப்பெயராதலின் இரண்டற்கும் பேரெழுத்தே வரும். பொதுப்பெயரைத் தனிப்பெயரினின்றும் பிரிக்கவல்ல அவ்வெழுத்து, தனிப்பெயர் இரண்டைத் தம்முள் பிரிக்க வல்லதன்று.

இவ்விடர்ப்பாடு ஏட்டளவில் நில்லாது மக்கள் வாழ்வைத் தொட்டது. பழங்குடியினர் பட்டியலில் ஒரு குடியின் பெயரைச் சேர்க்குங்கால் அப்பெயர் யாரைச் சுட்டும் என்பதை ஐயமற வரையறுத்தல் அரசின் கடமையாகின்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்னும் பெயரைத் தனியே நிறுத்தாது, தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் உள்ளோர் என இடப்பெயர்களால் எல்லை கட்டிற்று. ஒரு தனிப்பெயரின் பொதுமையை ஆறு தனிப்பெயர்கள் சுருக்கின. தொல்காப்பியர் நிலப்பெயரையும் குடிப்பெயரையும் அடுத்தடுத்து வைத்தார். சட்டம் ஒன்றினுள் ஒன்றைப் புகுத்திற்று. பெயரை விளக்கும் வழியாக இது நேரியதே. ஆனால் மக்கள் மாவட்ட எல்லையைப் பார்த்து மலையேறவில்லை. அக்காலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து பின்னர் ஈரோடு மாவட்டத்திற்கு உரியதாகிய பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். பட்டியலிலுள்ள ஆறு பெயருள் அவர்தம் மாவட்டத்தின் பெயர் இன்மையால், தம்மையும் பழங்குடியினராக ஏற்கவேண்டுமென அவர்கள் நெடுங்காலம் கோரி வந்துள்ளனர். அடைப்பினுள் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்றன் இருப்பும் இன்மையும் ஒரு மாணவனின் கல்லூரிச் சேர்க்கையை முடிவு செய்கின்றது. இயற்பெயர் ஆராய்ச்சி வெறும் சொல்விளையாட்டு என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அதே 1976ஆம் ஆண்டில் கல்வராயன்மலையின் சாகீர் ஆட்சியும் முடிவுற்றது. அம்மலையின் நிலம் நெடுநாள் சடையக்கவுண்டன் சாகீர், குறும்பக்கவுண்டன் சாகீர், ஆரியக்கவுண்டன் சாகீர் என மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒருவனைச் சுட்டிய பெயர் நிலத்தைச் சுட்டும் பெயராக வழங்கியமைக்கு இவை அண்மைக்காலச் சான்றுகள். மலையமான் நாடு மலாடு ஆயினமைக்கும் இதற்கும் இடையே பன்னூற்றாண்டுகள் கழிந்தும் நெறி ஒன்றே. மூவர் பெயர்க்கும் பின் நிற்கும் கவுண்டன் என்பது மலையாளிகள் தமக்குப் பட்டமாகக் கொண்ட பொதுச்சொல். பட்டம் முன்னும் பெயர் பின்னும் வரவேண்டும் என்ற பழைய விதி இவற்றில் தலைகீழாகியுள்ளமையும் காண்க. பிற்கால வழக்கு இவ்வாறு மாறியதை வழுவெனத் தள்ளாது, வரலாற்று மாற்றமெனக் கொள்வதே முறை.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுமுறை பற்றியும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழொலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அவ்வெழுத்தமைப்புக்களைப் பற்றி எழுந்த வாதங்கள் பலவாயினும், ளகரத்தையும் லகரத்தையும் பிரித்துக் காட்ட இயலாத எழுத்தில் கள்ளக்குறிச்சியை எழுதுவார் அதன் முன்னுறுப்பு யாது என்னும் ஆராய்ச்சிக்கே இடமின்றிச் செய்துவிடுகின்றனர். ஊர்ப்பெயரின் வரலாற்றை ஆராய்வார் தமிழ் வடிவத்தையே மூலமாகக் கொள்ளல் வேண்டும்.

இதுகாறும் கண்டவற்றால், ஆங்கிலத்தார் கூறும் 'புராப்பர் நவுன்' என்பதற்கு மக்கட்பெயராயின் இயற்பெயர் என்பதே தகும். இடப்பெயரையும் உளப்படுத்தித் தனிப்பெயர் என்று வழங்கின் எவர்க்கும் மயக்கம் இராது. சிறப்புப்பெயர் என்பதை நன்னூலார்க்கே விட்டுவிடுதல் நன்று.

மாவட்டப் பெயர்களைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. சங்கராபுரமும் கல்வராயன்மலையின் கீழ்ப்பகுதியும் முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு அவை விழுப்புரத்தோடு சேர்ந்தன. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பெற்றபின் அதற்குரியவாயின. தென்னார்க்காடு என்னும் மாவட்டம் இன்று நிலப்படத்தில் இல்லை. ஆயினும் வெள்ளிமலையில் பிறந்த மலையாளி ஒருவர் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் குடிப்பெயரை நிலைநாட்டுதற்கு, தம் ஊர் அந்தத் தென்னார்க்காட்டின் எல்லையுள் இருந்தது என்பதையே காட்டவேண்டியுள்ளது.